‘ம’ என்ற ஓரெழுத்தை ஒலி வழியாகச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

மதுரை மாவட்டத்தில் மேலூர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில், மாலை நேரத்தில் வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்காரும் குழந்தைகளுள் நான்கரை வயதுச் சிறுவன் ஒருவன், எழுத்தட்டையில் ‘ம’ என்பதைக் காட்டும்போதெல்லாம் “மயிலு!” என்று உரக்கச் சொல்வான். ஒருநாள் மயில் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, “இது என்ன எழுத்துய்யா?” என்று கேட்டேன். அவன் என் விரல்களை விலக்கிப் படத்தைப் பார்க்க முயன்றானே தவிர, பக்கத்தில் பெரிதாக அச்சிட்டிருந்த எழுத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று வாரமாக நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது மயிலைத்தான் என்பது அப்போதுதான் புரிந்தது.

அதன் பிறகு வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் காது, அடுத்து வாய், அதற்குப் பின்னரே கண்ணும் கையும் என்பது அந்த வரிசை. நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இது பொருந்தும். ஓர் எழுத்துக்கு ஒரு வாரம், ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் முதல் கால் மணி நேரம் வரை போதும். அதற்கு மேல் உட்கார வைத்தால் குழந்தை எழுத்தை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் படிக்கத் தொடங்கிவிடும்.

முதல் எழுத்தாக ‘ம’வைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ‘ம்ம்ம்’ என்று மூச்சு இருக்கும்வரை நீட்டிக் காட்டலாம். ‘ப்’, ‘ட்’ போன்றவற்றை அப்படி நீட்ட முடியாது. உதடு மூடித் திறப்பது குழந்தையின் கண்ணுக்குத் தெரியும். ‘ப’ என்ற எழுத்து ‘பல்’ என்பதில் ஒரு விதமாகவும் ‘தம்பி’ என்பதில் வேறு விதமாகவும் ஒலிப்பதைப் போன்ற சிக்கலும் இதில் இல்லை. மதுரைக் குழந்தைக்குச் சொந்த ஊரின் பெயரே இந்த எழுத்தில் தொடங்குகிறது என்பது கூடுதல் வசதி.

தேவையான பொருள்கள்

ஒரு மஞ்சப்பை, முகம் பார்க்கும் சிறு கண்ணாடி, விளிம்புள்ள தாம்பாளம், சலித்த மணல் இரண்டு கை, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் உப்புத்தாள் ஒன்று, பழைய அட்டைப்பெட்டித் துண்டு, பசை, சிலேட்டு, பல்பம். மணல் கிடைக்காவிட்டால் ரவை போதும். பைக்குள் போடுவதற்கு மணி, மஞ்சள் கிழங்கு, மல்லிகைப் பூ, சிறு மரக்கரண்டி ஆகியவற்றையும், வேறு ஒலியில் தொடங்கும் கல், சாவி, வளையல் ஆகியவற்றையும் எடுத்துவையுங்கள்.

முதல் படி: காது

இந்தப் படியில் எழுத்தைக் காட்டவே கூடாது. பைக்குள் கையை விட்டு ஒவ்வொரு பொருளாகக் குழந்தையே எடுக்கட்டும். எடுத்ததன் பெயரை நீங்கள் முதல் ஒலியைச் சற்று நீட்டி, ‘ம்ம்மணி’, ‘ம்ம்மஞ்சள்’ என்று சொல்லுங்கள். ‘ம்’ கேட்டால் பொருள் தாம்பாளத்துக்குப் போகும். கேட்காவிட்டால் பைக்கே திரும்பும். கல்லும் சாவியும் எளிதில் பிரிந்துவிடும். இரண்டாம் நாள் நகவெட்டி, நார் போன்ற ‘ந’ ஒலிப் பொருள்களைச் சேர்த்தால்தான் காது உண்மையில் வேலை செய்கிறதா என்பது தெரியும், ஏனெனில் ‘ம’வும் ‘ந’வும் மூக்கொலிகள் என்பதால் பிஞ்சுக் காதுக்கு நெருக்கமாகக் கேட்கும்.

“ம என்று தொடங்கும் ஒரு சொல்லைச் சொல்” என்று கேட்டால் பல குழந்தைகள் “அம்மா” என்பார்கள். அதைத் தவறு என்று தள்ளிவிடாதீர்கள். சொல்லின் நடுவில் இருக்கும் ஒலியையும் அந்தக் காது பிடித்திருக்கிறது. “ஆமாம், அம்மாவுக்குள்ளே ‘ம்’ இருக்கிறது, முதலிலேயே ‘ம்’ வருகிற இன்னொன்று சொல்லேன்” என்று அடுத்ததைக் கேளுங்கள். மாடு, மீன், முட்டை, மோர் என்று எது வந்தாலும் இப்போது ஏற்றுக்கொள்ளலாம். எழுத்து வடிவத்துக்கு வரும்போதுதான் ‘ம’ மட்டும் வரும் சொற்களுக்குள் சுருங்க வேண்டும். வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ பேசும் குழந்தை அந்த மொழிச் சொல்லைச் சொன்னாலும் வரவேற்க வேண்டும். நாம் தேடுவது ஒலியை.

சொற்களைக் கைதட்டிப் பிரிப்பதும் நல்ல பயிற்சியே. ஆனால் ‘மரம்’ என்பதற்குக் குழந்தை ‘ம–ரம்’ என்று இரண்டு தட்டு மட்டுமே தட்டும். எழுத்து மூன்றாயிற்றே என்று திருத்தாதீர்கள். ‘ம்’ தனித்து ஒரு தட்டுக்கு நிற்காது. இலக்கணமே அதற்கு அரை மாத்திரைதான் கொடுத்திருக்கிறது.

இரண்டாம் படி: வாய்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. கண்ணாடியைக் குழந்தையின் கையில் கொடுத்து, ‘ம்ம்ம்’ என்று சொல்லும்போது உதடு என்ன செய்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மூக்கின் மேல் விரலை வைத்தால் அங்கே ஓர் அதிர்வு தெரியும். அடுத்து, ‘ம்ம்ம்’ என்று இழுத்துக்கொண்டிருக்கும்போதே மூக்கை இரு விரலால் மூடச் சொல்லுங்கள். ஒலி சட்டென்று நின்றுவிடும். எங்கள் திண்ணையில் அன்று மாலை முழுவதும் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டே திரிந்தார்கள். காப்பி கொண்டுவந்த என் மாமியார் யாருக்கோ சளி பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

இந்த விளையாட்டை வைத்தே ‘மல்லி’, ‘பல்லி’ என்ற இணையைப் பிரித்துக் காட்டலாம். இரண்டுக்கும் உதடு மூடுகிறது. ஆனால் மூக்கை மூடிக்கொண்டு ‘பல்லி’ என்றால் தடையில்லாமல் வரும். ‘மல்லி’ என்றால் அதுவும் ஏறத்தாழப் பல்லியாகவே ஒலிக்கும். தலையில் வைக்கும் மல்லி, சுவரில் ஓடும் பல்லியாக மாறுவது குழந்தைகளுக்குப் பெரிய வேடிக்கை. தொல்காப்பியத்தின் பிறப்பியலும் இதைத்தான் சொல்கிறது: பகரமும் மகரமும் இதழ்கள் இயைவதால் பிறக்கின்றன, மெல்லெழுத்தான மகரத்துக்கு மூக்கின் வழியாக வரும் காற்றும் வேண்டும்.

மூன்றாம் படி: வடிவம்

உப்புத்தாளில் உள்ளங்கை அளவுக்கு ‘ம’வை வெட்டி, அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். மாண்டிசோரி வகுப்புகளில் பயன்படுத்தும் சொரசொரப்பு எழுத்து இதுதான். வடிவத்தை முதன்முதலாகக் காட்டும்போது படம் எதையும் பக்கத்தில் வைக்க வேண்டாம். மயிலிடம் நான் பட்ட பாடு போதும். “இத்தனை நாள் நாம் கேட்ட ஒலி இப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி, ஆட்காட்டி விரலால் தடவிக்கொண்டே ‘ம’ என்று சொல்லச் செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்கள் ‘மானா’ என்பார்கள், இலக்கணம் ‘மகரம்’ என்னும். இரண்டும் எழுத்தின் பெயர்கள். ‘மானா’ என்று மட்டுமே பழகிய குழந்தை எழுத்துகளைக் கூட்டி ஒரு சொல்லைப் படிக்கும்போது திணறும் என்பதால், தொடக்கத்தில் ‘ம’ என்ற ஒலியையே பெயராகவும் வைத்துக்கொள்வது நல்லது.

விரல் போகும் திசையில் கவனம் வேண்டும். இடப்பக்கம் மேலிருந்து கீழே ஒரு நேர்க்கோடு. கையை எடுக்காமல் வலப்பக்கம் அடிக்கோடு. அங்கிருந்து மேலே வளைந்து ஏறி, உட்பக்கமாகத் திரும்பி இறங்கி, அடிக்கோட்டைத் தொட வேண்டும். “இறங்கு, நட, ஏறு, உள்ளே திரும்பி இறங்கு” என்று சொல்லிக்கொண்டே தடவினால் கை மறக்காது. உள்ளே திரும்பாமல் நின்றுவிட்டால் அது ‘ப’ ஆகிவிடும். பெரும்பாலான தவறுகள் இந்த ஒரு வளைவில்தான் நேர்கின்றன.

நான்காம் படி: கை

தாம்பாளத்தில் மணலை மெல்லிய படலமாகப் பரப்பி, அதில் விரலால் எழுத விடுங்கள். திண்ணைப் பள்ளிக் காலத்தில் மணலில்தான் எழுதிப் பழகினார்கள். விஜயதசமியன்று இன்றும் பச்சரிசியில்தான் விரல் பிடித்து எழுத வைக்கிறோம். தவறாக எழுதினால் தாம்பாளத்தை ஓர் ஆட்டு ஆட்டினால் போதும். அழிரப்பர் தேய்த்துத் தாள் கிழிவதும் அதற்காக அழுவதும் இல்லை. மணலில் மூன்று நாள் சரியாக வந்த பிறகே சிலேட்டும் பல்பமும். கோடு போட்ட நோட்டை இந்த வாரம் எடுக்கவே வேண்டாம்.

வீட்டில் மல்லிகை உதிரியாக இருந்தால், சிலேட்டில் பெரிதாக எழுதிய ‘ம’வின் மேல் மொட்டுகளை வரிசையாக அடுக்கச் சொல்லலாம். முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தை விலையைக் கேட்டுவிட்டு இதைச் செய்ய மனம் வராது. அன்றைக்குப் புளியங்கொட்டை போதும்.

ஐந்தாம் படி: புள்ளி

‘ம’ உறுதியான பிறகு, அதே சிலேட்டில் எழுத்தின் தலைமேல் ஒரு மொட்டையோ புளியங்கொட்டையையோ வைத்து, “புள்ளி வந்துவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது” என்று சொல்லுங்கள். குழந்தை ‘ம’ என்று வாயைத் திறக்கும். புள்ளி வைத்தவுடன் ‘ம்’ என்று மூடும். நான்கைந்து முறை வைத்தும் எடுத்தும் விளையாடினால், மெய்க்கும் உயிர்மெய்க்கும் உள்ள வேறுபாடு விளக்கமே இல்லாமல் பதிந்துவிடும். ‘ம்’ என்பதை ‘இம்’ என்று சொல்லிக்கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அப்படிப் பழகிய பிள்ளை ‘மரம்’ என்பதை ‘மர–இம்’ என்று படிப்பதை நான் கேட்டிருக்கிறேன். அதைத் திருத்த எழுத்தைக் கற்றுக்கொடுத்ததை விட அதிக நாள் பிடித்தது.

வந்துவிட்டதா என்று பார்ப்பது

நாளிதழின் தலைப்புப் பக்கம் ஒன்றைக் கொடுத்து, ‘ம’ தெரியும் இடங்களில் எல்லாம் மஞ்சள் நிறத்தால் வட்டமிடச் சொல்லுங்கள். பேருந்தில் போகும்போது ‘மதுரை’, ‘மேலூர்’ என்ற ஊர்ப்பலகைகளைக் காட்டிக் கேட்கலாம். ‘மேலூர்’ பலகையில் ‘ம’வுக்கு முன்னால் நிற்கும் இரட்டைக் கொம்பைப் பார்த்து, “பெரியம்மா, இதுக்கு மட்டும் ஏன் கொம்பு?” என்று கேட்டால், அது பின்னால் வரும் என்று சொன்னால் போதும், இப்போதே பன்னிரண்டு உயிர்மெய்களையும் எடுத்து விரிக்க வேண்டாம்.

அடுத்த எழுத்தாக ‘ப’வையோ ‘ந’வையோ எடுக்காதீர்கள், ஒன்று வடிவத்திலும் மற்றொன்று ஒலியிலும் குழப்பும். ‘ட’, அதன் பிறகு ‘ர’ என்று போனால் மூன்றாம் வார முடிவில் ‘மடம்’, ‘மரம்’ என்ற இரண்டு முழுச் சொற்களைக் குழந்தை தானே கூட்டிப் படித்துவிடும். நம் மயில்காரன் அப்படித்தான் ‘மரம்’ என்று படித்தான். படித்துவிட்டு, அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் படம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டான்.