தக்காளியை வதக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தக்காளியில் ஏறக்குறைய 94 சதவீதம் தண்ணீர்தான். அதோடு நல்ல புளிப்பு. குழம்பு சொதப்பினால், இந்த இரண்டில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருப்போம்.

அடிக்கடி நடப்பது அவசரம். வெங்காயம் கண்ணாடிபோல் ஆவதற்குள் தக்காளியைக் கொட்டிவிட்டால், வெங்காயம் அந்த நிலையிலேயே நின்றுவிடும். தக்காளி விட்ட தண்ணீர் வற்றும்வரை கடாயின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் சிவக்காது. காய்களின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் எளிதில் கரையாது, அதனால் மசியவும் மசியாது. எவ்வளவு கொதித்தாலும் நறுக்கு நறுக்காகத் தனியே நிற்கும். பருப்பு, கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அவை வெந்த பிறகே தக்காளி.

அடுத்தது, தக்காளி சுருளுமுன் தண்ணீர் ஊற்றுவது. பச்சை வாசனை போகாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். 4 தக்காளிக்கு அரை டீஸ்பூன் உப்பைத் தக்காளியோடே போடுங்கள்; நீர் விட்டுச் சீக்கிரம் குழையும். 5 நிமிடம் மூடி வைத்து, பிறகு திறந்துவிடுங்கள். மூடியே வைத்தால் ஆவி திரும்பச் சொட்டி, தக்காளி வதங்காமல் வேகும். நேரத்தைவிடக் குமிழைப் பார்ப்பது மேல்: முதலில் பெரிய குமிழாகத் தளதளக்கும், நீர் வற்ற வற்றச் சிறுக்கும். கரண்டியால் இழுத்தால் கடாயின் அடி தெரிந்து மெதுவாக மூடிக்கொள்ளும், ஓரத்தில் எண்ணெய் கசியும். அதுதான் பதம். நடுத்தரத் தீயில் 10 முதல் 15 நிமிடம் ஆகலாம்.

பச்சையாக மிக்ஸியில் அடித்தால் காற்று புகுந்து நுரைத்து, சிவப்பு வெளுத்துவிடும். வதக்கி, ஆறவைத்து அரையுங்கள்.

விதையைச் சுற்றியுள்ள வழவழப்பை வழித்து எறிவது வீண். சுவைகூட்டும் குளுட்டமேட் சதையைவிட அதில்தான் அதிகம். விதை பிடிக்காதவர்கள் வடிகட்டிச் சாற்றைச் சேர்க்கலாம்.

புளிப்பு தூக்கலானால் சர்க்கரை அதை மறைக்குமே தவிரக் குறைக்காது. குறைப்பது சமையல் சோடா. அரைச் சிட்டிகை போட்டு, நுரை அடங்கியதும் ருசி பாருங்கள். கூடினால் சோப்பு வாடைதான். பால் சேர்ப்பதாக இருந்தால் அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பின் சிறிது சிறிதாக. கொதிக்கும் தக்காளியில் ஊற்றினால் திரிந்துவிடும்.

அலுமினியத்திலும் சரியாகப் பழக்காத இரும்பிலும் நெடுநேரம் சுண்டவிட்டால் உலோகச் சுவை ஏறும். நன்றாகப் பழக்கிய இரும்பிலோ, அதன் எண்ணெய்ப் படலம் போகும். அடிகனமான எவர்சில்வர் போதும்.

ஃபிரிட்ஜ் விஷயத்தில், செங்காயாக இருப்பதை வைக்காதீர்கள். ஏறத்தாழ 12 டிகிரிக்குக் கீழே பழுப்பதும் மணம் ஊறுவதும் தடைபடும். முழுக்கப் பழுத்து, இனி கெடும் என்ற நிலையில் இருப்பதை இரண்டு மூன்று நாள் வைக்கலாம். பச்சையாகச் சாப்பிடுவதானால் ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள்.