கறவை மாட்டுக்கு அடர்தீவனம்: புரதக் கணக்கை நாமே போடலாம்

இரண்டாம் ஈத்து ஜெர்சி கலப்பின மாடு, நாளைக்கு 10 லிட்டர் கறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புண்ணாக்கைக் கூட்டினால் பாலும் கூடிக்கொண்டே போகும் என்று நம்பி அள்ளி வைக்கிறவர்கள் நிறையப் பேர். தேவைக்கு மேல் போகும் புரதம் வயிற்றில் அம்மோனியாவாகி, ஈரலுக்குப் போய், யூரியாவாகச் சிறுநீரில் வெளியேறுகிறது. காசு வீண். சினை பிடிப்பதும் தள்ளிப்போகலாம்.

முதலில் மூன்று நாள், இரண்டு வேளைப் பாலையும் அளந்து எழுதுங்கள். அடர்தீவனம், அதாவது தானியமும் புண்ணாக்கும் தவிடும் கலந்த தீவனம், உடல் பராமரிப்புக்கு 1.5 கிலோ, அப்புறம் ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் 1 கிலோ. நம் மாட்டுக்கு 1.5 + 4 = 5.5 கிலோ. இதைக் காலை, மாலை எனப் பிரித்து வையுங்கள். பசுந்தீவனமும் வைக்கோலும் இதற்கு மேல்தான்.

அடுத்து கலவை. புரதம் 20 சதவீதம் வந்தால் போதும். 10 கிலோவுக்கு மக்காச்சோளம் 4, கடலைப் புண்ணாக்கு 3, கோதுமைத் தவிடு 2.7 கிலோ, தாது உப்புக் கலவை 200 கிராம், சாதா உப்பு 100 கிராம். மக்காச்சோளத்தில் புரதம் சுமார் 9 சதவீதம், அது 360 கிராம். புண்ணாக்கில் 40, அது 1,200 கிராம். தவிட்டில் 15, அது 405 கிராம். கூட்டினால் 1,965 கிராம். ஏறக்குறைய 20 சதவீதம். புண்ணாக்கு விலை ஏறினால் வேறு புண்ணாக்கை மாற்றி இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

புண்ணாக்கு வாங்கும்போது ஒரு வில்லையை உடைத்து முகர்ந்து பாருங்கள். பூசண வாடை வந்தாலோ, உள்ளே பச்சையாகப் படர்ந்திருந்தாலோ வேண்டவே வேண்டாம். அந்தப் பூசண நஞ்சு பாலிலும் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. அந்தப் பாலைக் குடிப்பது நம் வீட்டுக் குழந்தைகளும்தான்.

தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்ற சிறு செடியை நம்பிப் புண்ணாக்கை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். காய்ந்த அசோலாவில் புரதம் நிறைய, சரி. ஆனால் பச்சையாக அள்ளும்போது பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான்.

புதுக் கலவைக்கு ஒரே நாளில் மாற வேண்டாம். பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி, பத்து நாளில் மாற்றுங்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைக்காமல், லேசாகப் பிசறி வைத்தால் மாடு மென்று எச்சிலோடு விழுங்கும். வயிற்றில் புளிப்பு ஏறாது.

அந்தப் பத்து நாளும் சாணியைக் கவனியுங்கள். முழு மக்காச்சோளம் தெரிந்தால் இன்னும் நைசாக உடைக்க வேண்டும். தண்ணீராகக் கழிந்தால், கூட்டியதை இரண்டு நாள் குறைத்து, மறுபடி மெதுவாக ஏற்றுங்கள்.