புது பைக்கில் முதலில் எதை மாற்றலாம்? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும்

தக்கலைப் பக்கம் என் ஒர்க்‌ஷாப்புக்குப் புது வண்டியோடு வருகிற பையன்களில் பாதிப்பேர் சைலன்சர் மாற்றுவது என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் வருவார்கள். அந்தப் பேச்சை நான் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். முதலில் நான் கேட்பது இதுதான்: "மக்கா, வண்டி ராத்திரி எங்க நிக்கும்? தினமும் எந்த ரோட்டுல போவ?"

இதற்குப் பதில் தெரியாமல் நம்ம மாவட்டத்தில் வண்டிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது. குளச்சலில் கடலுக்கு அடுத்த தெருவில் நிற்கிற வண்டியும் குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் நிற்கிற வண்டியும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கலாம்; கெட்டுப்போகிற விதம் வேறு. ஒன்றை உப்புக்காற்று தின்னும், மற்றதைச் சேறும் ஈரமும் தின்னும். ஆரல்வாய்மொழி வழியாக வேலைக்குப் போகிறவருக்குப் பக்கக்காற்றுதான் தொல்லை. இது போதாதென்று மழைக்காலமும் நமக்கு இரண்டு: ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. டெல்லிக்காரரும் பெங்களூருக்காரரும் யூடியூபில் சொல்கிற பட்டியலை அப்படியே இங்கே வாங்கி மாட்டினால் காசுதான் போகும்.

சரி, முதல் வேலைக்குக் காசே வேண்டாம், ஸ்பேனர் போதும். கம்பெனி வண்டியைப் பொதுவான ஓர் ஆளுக்குப் பொருந்துகிற மாதிரிதான் அமைத்து அனுப்பும். அதை உங்கள் உடம்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வழக்கமாக ஓட்டுகிற மாதிரி உட்கார்ந்து, கிளட்ச் லீவர்மேல் விரல்களை நீட்டி வையுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரே கோடாக இருக்க வேண்டும். மணிக்கட்டு மேல்பக்கமாக மடங்கினால் லீவர் உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஹேண்டில்பாரோடு லீவரைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, லேசாகக் கீழே திருப்பி, மறுபடி முறுக்குங்கள். முன் பிரேக் லீவருக்கும் அப்படியே. தினமும் நாகர்கோவில் போய்வந்து கை வலிக்கிறது, ஹேண்டில் மாற்ற வேண்டும் என்று வருகிற பலருக்கு இந்த ஒரு வேலையிலேயே வலி போய்விடும். கியர் லீவரின் உயரத்தையும் ஷூவா செருப்பா என்று பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

அடுத்தது பின் ஷாக். இரட்டை ஷாக் உள்ள வண்டிகளில் ஸ்பிரிங்குக்குக் கீழே படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். அதைத் திருப்ப சி வடிவ ஸ்பேனர் ஒன்று பெரும்பாலும் டூல்கிட்டிலேயே கிடக்கும். இல்லையென்றால் சர்வீஸில் கேளுங்கள். தனியாகப் போகிறவர் என்றால் மென்மையான படியே போதும். பின்னால் மனைவி, நடுவில் பிள்ளை, டேங்க் மேல் ஒரு பை என்றால் இரண்டு படி கூட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும்.

பின்னால் ஆள் ஏறினால் வண்டியின் மூக்கு நிமிரும், ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். அதனால் ஷாக்கைச் சரிசெய்த கையோடு லைட்டையும் பாருங்கள். இருட்டியபின், சமதரையில், சுவருக்கு இருபத்தைந்தடி தள்ளி வண்டியை நிறுத்துங்கள். ஸ்டாண்டை எடுத்துவிட்டு வழக்கமான பாரத்தோடு மேலே உட்காருங்கள். ஹெட்லைட்டின் நடு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில் இன்னொருவர் சுவரில் சாக்குக்கட்டியால் கோடு போடட்டும். லோ பீமின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு நாலு விரல்கடை கீழே விழ வேண்டும். லைட்டுக்கு அடியிலோ பக்கத்திலோ அதற்கான ஸ்க்ரூ இருக்கும். லைட் வெளிச்சமே இல்லை, பல்பை மாற்று என்று வருகிற வண்டிகளில் பலதில் குறிதான் தப்பாக இருக்கும்.

இனி காசு செலவாகிற மாற்றங்கள்.

என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியது மட்ஃபிளாப். பார்க்க ஒன்றுமில்லாத ரப்பர் துண்டுதான், ஆனால் நம்ம ஊருக்கு இதைவிடப் பயனுள்ள பொருள் கிடையாது. இப்போது வருகிற பல வண்டிகளில் முன் மட்கார்டு பாதியில் நின்றுவிடுகிறது. ஒரு மழை பெய்தால் செம்மண் சேறு முழுக்க இன்ஜின் முன்பக்கத்தில் அப்பிக்கொள்ளும். இன்ஜின் சூட்டைக் குறைக்கிற கூலிங் ஃபின்களுக்கு நடுவே காய்ந்து இறுகிவிடும். ஹார்ன் அடைபடும். ஆயில் கூலரோ ரேடியேட்டரோ உள்ள வண்டி என்றால் அதன் சல்லடையும் அடைபடும். ரெடிமேடாக மாடலுக்கேற்ற ஃபிளாப் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் தடித்த ரப்பர் ஷீட்டை மட்கார்டு அகலத்துக்கு வெட்டி, அகலமான வாஷர் வைத்து, தானாகக் கழலாத நட்டுப் போட்டு மாட்டுங்கள். ஃபிளாப்பின் அடிப்பகுதி தரையிலிருந்து ஒரு சாணாவது மேலே இருக்க வேண்டும். அதற்கும் கீழே தொங்கினால் வேகத்தடையில் இடிக்கும், வண்டியைப் பின்னால் தள்ளும்போது டயருக்கு அடியில் மாட்டி மட்கார்டையே பிய்த்துவிடும். முன் பிரேக்கை அழுத்தி ஃபோர்க்கை முழுக்க அமுக்கிப் பார்த்து, எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடலோரத்துக்காரர்களுக்கு அதோடு இன்னொன்றும் வேண்டும். டெலிவரி எடுக்கும்போதே டெஃப்ளான் கோட்டிங் என்று பில்லில் சேர்ப்பார்கள். அது டேங்க்கும் பேனலும் பளபளக்க நல்லது. ஆனால் முட்டத்திலும் தேங்காப்பட்டணத்திலும் வண்டி துருப்பிடிப்பது டேங்கிலா? சைடு ஸ்டாண்டு, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம், பின் மட்கார்டின் உள்பக்கம், சைலன்சர் ஜாயின்ட், போல்ட்டுத் தலைகள், இங்கேதான் தொடங்கும். கோட்டிங் அடிப்பதானால் இங்கே அடிக்கச் சொல்லுங்கள். பிரேக் டிஸ்க்கிலும் டயரிலும் படாமல் மூடிவிட்டு அடிக்க வேண்டும். ஸ்டாண்டு பின், லீவர் பின், பிரேக் பெடல் பின் எல்லாவற்றுக்கும் கிரீஸ். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் பம்ப்பை வீல் பேரிங் பக்கமும் வயர் கப்ளர் பக்கமும் காட்ட வேண்டாம். துரு வராமலிருக்கத் தேங்காயெண்ணெய் தடவுகிற வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. மண் ஒட்டுவதற்கு அது நல்ல பசை.

மீன் பெட்டி கட்டுகிறவர்கள் கேரியருக்கு அடியில் தண்ணீர் வடிகிற இடத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் சொட்டுச்சொட்டாகச் செயின்மேலும் ஸ்விங் ஆர்ம்மேலும் விழும். பெட்டியில் ஒரு ஓட்டை மட்டும் விட்டு, அதில் டியூப் மாட்டி, டயரிலும் படாமல் வண்டிக்கு வெளியே இறக்கிவிட்டால் போதும். செயினுக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை லூப் (மசகு ஸ்ப்ரே) அடிப்பது பொது விதி. உப்பிலும் மழையிலும் ஓடுகிற வண்டிக்குக் கணக்குப் பார்க்காமல் நனைந்த மறுநாளே அடியுங்கள். இணைப்புகளில் ரப்பர் வளையம் உள்ள ஓ-ரிங் செயின் என்றால் பெட்ரோல் விட்டுக் கழுவக் கூடாது, அந்த ரப்பர் கெட்டுவிடும்.

கிழக்கே போகிறவர்கள் விஷயத்துக்கு வருவோம். ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. மலைகளுக்கு நடுவே இருக்கிற கணவாய் காற்றைக் குவித்து அனுப்புகிறது. தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் அங்கே வண்டி ஒரு பக்கமாகத் தள்ளப்படும். இந்த வழியில் தினமும் போகிறவருக்கு உயரமான விண்ட்‌ஷீல்டும் பெரிய டாப் பாக்ஸும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இரண்டும் காற்று பிடிக்கிற பரப்பைக் கூட்டும், அதுவும் உயரத்தில். சாமான் கட்டாயம் என்றால் தாழ்வாகத் தொங்குகிற பை, இரண்டு பக்கமும் ஒரே எடை. டேங்க் மேல் ஒரு பை வைத்தாலும் பரவாயில்லை.

கீழே விழுந்தால் காப்பாற்றுகிற சாமான்களில் லெக் கார்டு நல்லதுதான். ஆனால் அது இன்ஜின் மவுண்டிங் போல்ட்டில் மாட்டுகிற பொருள். மாட்டிய பிறகு முதல் சர்வீஸில் அந்தப் போல்ட்டுகளை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். மெல்லிய பைப்பில் செய்தது வண்டி சாய்ந்தால் மடங்கிக் காலையே அமுக்கும். கையில் தூக்கிப் பார்த்தாலே கனம் தெரிந்துவிடும்.

சாரி கார்டைக் கழற்றிவிட்டு வருகிற பையன்கள்மேல் எனக்குக் கோபம்தான் வரும். "அசிங்கமா இருக்குண்ணே" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துப் போவதும் அதே வண்டியில்தானே? சேலை முந்தானையோ சுடிதார் ஷாலோ பின் சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று நம்ம ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் கட்டை, பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கிற தடுப்பு, இவை இருந்தே ஆக வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-வது விதி சொல்கிறது. சாரி கார்டு வண்டியிலேயே இருக்கட்டும்.

டயருக்கு இப்போது ஒன்றும் செய்யாதீர்கள். வண்டியோடு வந்தது தேயட்டும். பின்னால் அகல டயர் போடும் ஆசை நிறையப்பேருக்கு உண்டு; ரிம்முக்கு அளவில்லாத டயர் வளைவில் ஒழுங்காகப் படியாது, செயினிலோ மட்கார்டிலோ உரசும், மைலேஜும் குறையும். காற்றழுத்தம் மட்டும் ஸ்விங் ஆர்ம் அல்லது செயின் கவரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து வையுங்கள்.

லைட் விஷயத்தில் கவனம் வேண்டும். நம்ம ஊர்ச் சாதாரண வண்டிகளில் பல்பு உள்ள ஹெட்லைட் என்றால் பெரும்பாலும் ஹெச்.எஸ்.1, அதாவது 35 வாட். அதில் 60/55 வாட் ஹெச்4 பல்பைத் தேய்த்து நுழைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும், பேட்டரி இறங்கும். அருமனை, களியல் பக்கம் தோட்டத்துக்கு நடுவே ராத்திரி மழையில் போகிறவர்கள் மஞ்சள் ஃபாக் லைட் போடலாம். தனி ஃபியூஸ், தனி ரிலே, தனி சுவிட்ச் வேண்டும். தாழ்வாகக் குறிவைக்க வேண்டும். ஒழுங்கான ரோட்டில் அணைத்துவிட வேண்டும். கம்பெனி வயரை வெட்டி ஒட்டுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். கப்ளரில் செருகுகிற மாதிரிதான் செய்ய வேண்டும். வெட்டின வயரைக் கண்டால் சர்வீஸ் சென்டரில் வாரண்டியை மறுப்பார்கள்.

சரி, சைலன்சர். 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ்.6 என்கிற புகைக்கட்டுப்பாட்டு விதிப்படி வருகிற வண்டிகளில் புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எக்ஸாஸ்ட்டில்தான் இருக்கிறது. அங்கேயே ஆக்சிஜன் சென்சரும் உண்டு. எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று இ.சி.யு., அதாவது இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர், அந்தச் சென்சரைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். வெளிச்சைலன்சர் போட்டால் இந்தக் கணக்குக் குழம்பும். சத்தம் கூடும், இழுவை பெரும்பாலும் குறையும். சட்டத்திலும் இடமில்லை. பதிவில் உள்ள அமைப்பை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். நம்மில் பாதிப்பேருக்கு ஆஸ்பத்திரி, காலேஜ், வேலை என்று திருவனந்தபுரம் போக வேண்டியிருக்கிறது. களியக்காவிளை தாண்டினால் கேரளத்து மோட்டார் வாகனத் துறை இதில் இன்னும் கண்டிப்பு. விபத்தாகிவிட்டால் சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ்காரர்களும் கையை விரிக்கலாம்.

கடைசியாக போன் ஹோல்டர். ஹேண்டிலில் நேராகப் போனை மாட்டினால் இன்ஜின் அதிர்வில் கேமரா கெட வாய்ப்புண்டு என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது. அதிர்வைத் தாங்குகிற ரப்பர் வைத்த ஹோல்டர் வாங்குங்கள், அல்லது போனைப் பையில் வைத்துவிட்டு வழியைக் காதில் கேளுங்கள். யூ.எஸ்.பி. சார்ஜர் போடுவதானால் சாவி போட்டால் மட்டும் வேலை செய்கிற லைனிலிருந்து எடுங்கள், இல்லையென்றால் பேட்டரி தானாக இறங்கிவிடும். அதற்கும் சின்ன ஃபியூஸ் ஒன்று வேண்டும். அதே அளவில் இன்னொரு ஃபியூஸைச் சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள். பேச்சிப்பாறை ரோட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபியூஸ் விற்கிற கடை எங்கே இருக்கப் போகிறது?