தேங்காய், எலுமிச்சை, கொஞ்சம் சணல்: வகுப்பறையில் ஒரு நிலாப் பயண ஒத்திகை

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு நான்கு ஆண்டுகளாக இந்த ஒத்திகையை நடத்திவருகிறேன். முதல் ஆண்டு ராக்கெட் படத்தில் தொடங்கினேன். சாட்டர்ன் 5-இன் உயரம், எரிபொருள், அடுக்குகள் எல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆயின. கடைசியில் மேசையில் ஒரு தேங்காயை வைத்து, "இது பூமி என்றால் நிலா எங்கே இருக்கும்?" என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரு முழத் தூரத்தில் கையை வைத்தார்கள். பிழை என்னுடையது. தூரம் மனதில் பதியாத பிள்ளைக்கு, நிலாவைச் சுற்றிவரப் போகிறவர்கள் எதற்காக ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள் என்பது புரியாது. அதனால் இப்போது தூரத்தில்தான் தொடங்குகிறேன்.

உரித்த தேங்காய் ஒன்று, அதன் குறுக்களவில் கால் பங்குக்குச் சற்றே கூடுதலான எலுமிச்சை ஒன்று, சணல் ஒரு கண்டு. தேங்காயின் நடுவில் சணலை ஒன்பதரைச் சுற்று சுற்றிப் பிரித்து நீட்டுங்கள். அந்த நீளம்தான் நிலாவின் தூரம். தேங்காய் 12 செ.மீ. என்றால் சணல் 3.6 மீட்டர் வரும். இந்த அளவில் சர்வதேச விண்வெளி நிலையம் தேங்காய் ஓட்டுக்கு மேலே 4 மி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. இரண்டு தீக்குச்சிகளை ஒட்டிவைத்துக் காட்டுங்கள், வகுப்பு அமைதியாகிவிடும்.

அடுத்தது பாதை. ஒருத்தி எலுமிச்சையோடு, சணல் தளராமல், தேங்காயைச் சுற்றி மெதுவாக நடக்கட்டும். இன்னொருவன் கப்பல். கிளம்பச் சொன்னால் நேராக எலுமிச்சையை நோக்கித்தான் ஓடுவான், போய்ச் சேரும்போது நிலா அங்கே இருக்காது. 1968-இல் முதன்முதலாக மனிதரை ஏற்றிக்கொண்டு நிலவைச் சுற்றிவந்த அமெரிக்கக் கலமான அப்போலோ 8 அங்கே போய்ச் சேர 69 மணி நேரம் ஆனது. அதற்குள் நிலா தன் பாதையில் 38 பாகை அளவுக்கு நகர்ந்துவிடும், நம் சணலில் அது சுமார் 2.4 மீட்டர். எனவே நிலா வரப்போகும் இடத்தில் கோலமாவால் முதலில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். தேங்காயிலிருந்து புறப்பட்டு, அந்தப் புள்ளிக்குப் பின்னால் வளைந்து, மீண்டும் தேங்காய்க்கே வரும் எட்டு வடிவக் கோட்டையும் கோலமாவால் போடுங்கள். வழியில் பெரிய இன்ஜின் கைவிட்டாலும் நிலவின் ஈர்ப்பே கப்பலைத் திருப்பி வீட்டுக்கு அனுப்பும் பாதை அது. நால்வரை நிலவைச் சுற்றி அனுப்ப நாசா வகுத்த ஆர்ட்டெமிஸ் 2 பயணத்துக்குத் திட்டமிட்டதும் இந்த வகைப் பாதைதான். அப்போலோ 8 இதே போன்ற பாதையில் போய், அங்கே இன்ஜினை இயக்கி வேகத்தைக் குறைத்து, நிலவைப் பத்து முறை சுற்றியது. நம் எலுமிச்சைத் தோலுக்கு மேலே ஒரே ஒரு மில்லிமீட்டர் உயரத்தில்!

இனி ஆட்கள். 2023 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட ஆர்ட்டெமிஸ் 2 குழுவைப் போல நால்வரைத் தேர்ந்தெடுங்கள். ரீட் வைஸ்மேன் தலைவர், விக்டர் குளோவர் விமானி, கிறிஸ்டினா காக், ஜெரமி ஹேன்சன் இருவரும் பயண வல்லுநர்கள். அவர்களுக்கான ஓரியன் கலத்துக்குள் நால்வர் புழங்கும் இடம் சுமார் 9 கன மீட்டர். சுண்ணாம்புக் கட்டியால் 3 மீட்டருக்கு 1.5 மீட்டர் கட்டம் போட்டு, 2 மீட்டர் உயரத்தில் கயிறு கட்டினால் அந்த அளவு வந்துவிடும். மதிய உணவையும் அதற்குள்ளேயே உண்ணட்டும். சுமார் பத்து நாள் பயணத்தில் முழங்கையைக் கூட யோசித்து அசைக்க வேண்டியிருக்கும் என்பது அரை மணியில் விளங்கிவிடும்.

மற்றவர்கள், பூமியிலிருந்து கலத்தை வழிநடத்தும் நாசாவின் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறை. அவர்கள் திரைக்கு அந்தப் பக்கம், முகம் தெரியக் கூடாது. வானொலி அலை நிலவைச் சேர 1.3 விநாடி ஆகும் என்பதால், ஒருவர் பேசி முடித்ததும் "ஆயிரத்து ஒன்று" என்று மனதுக்குள் எண்ணிவிட்டுத்தான் மற்றவர் பேச வேண்டும். புறப்படுமுன் ஒவ்வொரு மேசையாகக் கேளுங்கள்: "போகலாமா, நிற்கலாமா?" ஒரே ஒரு குரல் "நிற்கலாம்" என்றாலும் நின்றே ஆக வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஒரு சிறுமி தண்ணீர்க் கணக்கு சரியாக வரவில்லை என்று நிறுத்தினாள். நேரமாகிறதே என்று "பரவாயில்லை, சொல்லும்மா" என்றேன். அவள் தலைகுனிந்து "போகலாம்" என்றாள். அன்றைக்கு அவளுக்கு நான் கற்றுக்கொடுத்தது முற்றிலும் தவறான பாடம். அடுத்த நாள் வகுப்பின் முன் அதை ஒப்புக்கொண்டேன். நீங்கள் அவசரப்படாதீர்கள். அந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டு முடித்த பிறகே புறப்பாட்டுக்குப் பின்னோக்கி எண்ணத் தொடங்குங்கள்.

ஒத்திகையின் உயிர் பழுதுச் சீட்டுகளில் இருக்கிறது. 1968 ஆகஸ்டில் அப்போலோ 8-ஐ நிலவுக்கே அனுப்பலாம் என்ற யோசனை எழுந்து, டிசம்பர் 21 அன்று ஃபிராங்க் போர்மன், ஜிம் லவல், பில் ஆண்டர்ஸ் மூவரும் புறப்படும்வரை இருந்தவை நான்கே மாதங்கள். அந்த நாட்களில் அவர்கள் மாதிரிக் கலத்துக்குள் உட்கார, வெளியே இருந்த பயிற்சியாளர்கள் வேண்டுமென்றே ஒன்றன்பின் ஒன்றாகக் கோளாறுகளை உண்டாக்கினார்கள். நாமும் அப்படியே. சீட்டுகளை மடித்து டப்பாவில் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒன்று எடுங்கள். "ஒருவருக்கு வாந்தி." போர்மனுக்கு உண்மையில் நடந்ததுதான். "கணினி தான் எங்கே இருக்கிறோம் என்பதை மறந்துவிட்டது." திரும்பும் வழியில் லவல் தவறான நிரலை அழுத்த, கலம் இன்னும் ஏவுதளத்திலேயே நிற்பதாகக் கணினி நினைத்துக்கொண்டது. அவர் ரைஜல், சிரியஸ் விண்மீன்களைப் பார்த்துத் திசையைச் சரிசெய்தார். தவறு செய்தவரைத் திட்டாமல், "இப்போது நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்கப் பழக்குங்கள்.

பிறகு மௌனம். கலம் நிலவுக்குப் பின்னால் போகும்போது பேச்சு அறுந்துவிடும். அப்போலோ 8 முதன்முறை மறைந்தபோது சுமார் 35 நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. இன்ஜினை இயக்க வேண்டியதும் அந்த இருட்டில்தான். ஹூஸ்டனில் இருந்தவர்களால் செய்ய முடிந்தது கடிகாரத்தைப் பார்ப்பது மட்டுமே. இன்ஜின் எரிந்து வேகம் குறைந்தால் குறித்த நேரத்தில் குரல் வரும், எரியாவிட்டால் அதைவிட முன்னதாகவே வந்துவிடும். சீக்கிரம் வருவது கெட்ட சேதி என்பதைப் பிள்ளைகளுக்கு நிறுத்தி விளக்குங்கள். 35 நிமிடத்தையும் முழுதாகக் கடைப்பிடியுங்கள், சுருக்க வேண்டாம். திரைக்கு இப்பால் காத்திருக்கும் பிள்ளைகளின் முகத்தை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். எந்தப் பாடத்திலும் நான் அப்படியொரு கவனத்தைக் கண்டதில்லை.

மறைவில் இருக்கும் நால்வருக்கும் வேலை உண்டு. ஆளுக்கொரு கல்லைக் கொடுத்து நிறம், விளிம்பு, குழி, நிழல் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். பேச்சு திரும்பியதும் எழுதியதை வாசிக்க, ஹூஸ்டன் அணி கல்லைப் பார்க்காமலே படம் வரைய வேண்டும். 2024-இல் ஆர்ட்டெமிஸ் குழுவினர் ஐஸ்லாந்தின் எரிமலைப் பாறைகளுக்கு நடுவே நடந்து பழகியது, பார்த்ததைப் பிறருக்குப் பயன்படும்படி சொல்லக் கற்கத்தான். "அழகாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்புங்கள்.

வீடு திரும்பும் பாடத்துக்குக் குளக்கரை போதும். ஓட்டுச் சில்லைத் தாழ்வாக வீசினால் தண்ணீரில் தத்திக்கொண்டே போய்விடும், செங்குத்தாக வீசினால் 'தொபக்' என்று மூழ்கும். விநாடிக்கு 11 கி.மீ. வேகத்தில் வரும் கலத்துக்கும் கோணம் அப்படித்தான் முக்கியம்; அது காற்றுமண்டலத்தில் நுழைய வேண்டிய கோணம் அப்போலோவுக்குச் சுமார் ஆறரை பாகை. இந்த விளையாட்டில் பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட நிற்க வேண்டும்.

இதையெல்லாம் பௌர்ணமியன்று மாலையில் முடியும்படி வைத்துக்கொள்ளுங்கள். நிலா கிழக்கே எழும்போது, எலுமிச்சையை ஒரு குச்சியில் குத்தி ஒருவர் பிடிக்கட்டும். சணலின் மறுமுனையில், தேங்காய் இருக்கும் இடத்தில் கண்ணை வைத்து ஒவ்வொரு பிள்ளையும் பார்க்கட்டும். அளவு சரியாக இருந்தால் எலுமிச்சை நிலவை ஏறத்தாழ அப்படியே மறைக்கும். மறைக்காவிட்டால் சணலை இன்னொரு முறை தேங்காயில் சுற்றிப் பாருங்கள்.