டேட்டாபேஸ் ரீஸ்டோர்: பழையதன் மேலேயே எழுதிவிடாதீர்கள்

டேட்டாபேஸ் பழுதானதும் கை பரபரக்கும். நேற்றிரவு எடுத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் முழு நகல்) இருக்கிறது, அதை ஏற்றிவிட்டால், அதாவது ரீஸ்டோர் செய்துவிட்டால், வேலை முடிந்தது என்று தோன்றும். சின்னப் பழுது பெரிய இழப்பாவது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான்.

பழுதான டேட்டாபேஸின் மேலேயே ரீஸ்டோர் செய்வதைத்தான் ஆகப் பெரிய தவறு என்பேன். ஒரு டேபிளில் எந்தப் பதிவுகள் என்ற நிபந்தனை போடாமல் யாரோ டெலீட் கட்டளையை ஓட்டி, எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள் என்று வையுங்கள். மற்ற டேபிள்களில் காலை முதல் பதிவான ஆர்டர்களும் கட்டணங்களும் நல்லபடியாகவே இருக்கும். ஸ்னாப்ஷாட்டில் அவை கிடையாது. மேலே எழுதினால் அவையும் போய்விடும். ஸ்னாப்ஷாட்டுக்குப் பிந்தைய மாற்றங்களைத் தாங்கிய லாக் கோப்புகளும், அதாவது மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் மென்பொருளில் பின்லாக் (binlog), போஸ்ட்கிரெஸ் மென்பொருளில் வால் (WAL), அதே சர்வரில்தான் கிடக்கக்கூடும். ஆகவே முதலில் அப்ளிகேஷன் எழுதுவதை நிறுத்துங்கள். பழுதான நிலையையே ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஸ்னாப்ஷாட்டைத் தனி சர்வரில் ஏற்றி, காணாமல் போன பதிவுகளை மட்டும் அங்கிருந்து கொண்டுவாருங்கள்.

அமேசானின் கிளவுட் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் ஸ்னாப்ஷாட்டை ரீஸ்டோர் செய்தால் எப்போதும் புதிய இன்ஸ்டன்ஸ்தான் (தனி டேட்டாபேஸ் சர்வர்) உருவாகும். ஆனால் அதன் முகவரி வேறு. நீங்கள் குறிப்பிடாவிட்டால் யார் இணையலாம் என்று சொல்லும் செக்யூரிட்டி குரூப்பும், டேட்டாபேஸ் அமைப்புகளைத் தாங்கிய பாராமீட்டர் குரூப்பும் டீஃபால்ட்டாகவே அமையும். அப்ளிகேஷனால் இணைய முடியாததைப் பார்த்துவிட்டு, ரீஸ்டோரே தோல்வி என்று அதை அழித்துவிடாதீர்கள்.

பேக்கப் ஓடுகிறது என்ற நம்பிக்கையும் ஆபத்துதான். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லாப் நிறுவனத்தில் முதன்மை டேட்டாபேஸ் சர்வரின் டேட்டா டைரக்டரி தவறுதலாக அழிக்கப்பட்டது. தேடினால் தினசரி பேக்கப் கோப்புகளே இல்லை. சர்வரில் ஓடியது போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவியான பிஜி டம்ப்போ (pg_dump) பழைய 9.2, அதனால் ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறது. தோல்வியைச் சொல்ல அனுப்பிய மின்னஞ்சல்களையும் மெயில் சர்வர் நிராகரித்திருக்கிறது. வேறு வேலைக்காகச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்களே வெளிப்படையாக எழுதி வைத்தது பெரிய உபகாரம். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன். ஏற்ற எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதையும் அந்த ஒத்திகையில்தான் அறிய முடியும்.

ஸ்னாப்ஷாட்டை ஏற்றி, அதன்மேல் குறிப்பிட்ட நேரம் வரையிலான மாற்றங்களை லாக்கிலிருந்து ஓட்டி மீட்பவர்கள் டைம்சோனில் சறுக்குகிறார்கள். சர்வர் லாக் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், சம்பவம் நடந்ததாகப் பயனர் சொல்வது அவர் ஊர்க் கடிகாரப்படி. நேரத்தைத் தாண்டி ஓட்டிவிட்டால் அந்த டெலீட்டும் மறுபடி ஓடிவிடும்.

டம்ப் கோப்பை (டேட்டாபேஸைக் கட்டளைகளாக எழுதி வைத்த பேக்கப்) ஏற்றும்போது போஸ்ட்கிரெஸின் கட்டளைக் கருவியான பிஎஸ்க்யூஎல் (psql) வழக்கமாகப் பிழை வந்தாலும் நிற்காது, அடுத்த கட்டளைக்குப் போய்விடும். பிழையில் நிற்கும் அமைப்பைக் கட்டாயம் போடுங்கள். பிஜி டம்ப்பில் யூசர்களும் ரோல்களும் வராது. மைஎஸ்க்யூஎல் டம்ப்பில் கேட்காவிட்டால் டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்த நிரல்களான ஸ்டோர்டு புரொசீஜர்கள் வராது.

பலர் அறியாத ஒன்று: போஸ்ட்கிரெஸின் டேட்டா கோப்புகளை வேறு லினக்ஸ் பதிப்பில் ஏற்றினால் எழுத்துகளை அகரவரிசைப்படுத்தும் விதி மாறியிருக்கலாம். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் (glibc) 2.28 பதிப்பில் அப்படித்தான் மாறியது. பதிவுகளை விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் பழைய அகரவரிசையிலேயே இருப்பதால், இருக்கும் பதிவையே இல்லை என்று சொல்லலாம், ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்ற யுனிக் கட்டுப்பாட்டையும் மீறி இரட்டைப் பதிவுகள் நுழையலாம். பெரும்பாலும் பிழைச் செய்தி எதுவும் வராது. இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டும் ரீஇண்டெக்ஸைச் செய்துவிடுங்கள்.

சர்வர் எழுந்து நின்றால் போதாது. முக்கிய டேபிள்களில் உள்ள பதிவுகளின் எண்ணிக்கை, கடைசிப் பதிவின் நேரம் இரண்டையும் பாருங்கள். அதுவரை தானாக ஓடும் பின்னணி வேலைகளை ஓடவிடாதீர்கள்: ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு அனுப்பி முடித்த மின்னஞ்சல்களும் பிடித்த கட்டணங்களும் அதில் இன்னும் ‘நிலுவை’ என்றே இருக்கும், வாடிக்கையாளருக்கு எல்லாம் இரண்டாம் முறை போய்விடும்.