வீச்சுவலை ஈயக்குண்டுக்கு மெழுகு பூசுவது: முதல் தடவை செய்கிறவர்களுக்கு

முதல் தடவை நான் பூசியது கிறீஸ். வீட்டில் சைக்கிளுக்கு வாங்கி வைத்த பேணி ஒன்று கிடந்தது, அதை எடுத்து வலையின் அடிக்கயிறு முழுக்கத் தேய்த்துவிட்டேன். அடுத்த நாள் பெரியகல்லாற்றில் ஆற்றங்கரை மணலில் வலையை விரித்ததுதான் தாமதம், ஒவ்வொரு குண்டும் மாவில் புரட்டிய பலகாரம் மாதிரி ஆகிவிட்டது. பெரியப்பா வலையை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார். “இது வலையா மனே, ட்ராக்டரா?” என்றார்.

இரண்டாம் தடவை தேங்காய் எண்ணெய். அது வழிந்து சாக்கில் ஊறியது. இரண்டு நாளில் எலி வந்து அடிக்கயிற்றோடு சேர்த்து வலையையும் ஒரு முழம் கடித்துவிட்டது. மூன்றாம் தடவைதான் தேன்மெழுகு. இப்போது நான்கு வருடமாக அதையே செய்கிறேன்.

ஈயக்குண்டு என்றதும் துப்பாக்கியை நினைக்க வேண்டாம். நான் சொல்வது வீச்சுவலையின் அடியில் கோர்க்கிற, நடுவில் துளை உள்ள ஈயம். வலையும் நைலோன் நூலில் முடைந்த சாதாரண வலைதான். ஒற்றை இழைத் தங்கூசியில் முடைந்த வலைக்கு இலங்கையில் தடை இருக்கிறது, அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பூசாவிட்டால் என்ன?

ஒன்றும் குடி முழுகாது. பலர் பூசுவதே இல்லை. ஆனால் ஈயத்தை ஈரத்தோடு மூலையில் போட்டு வைத்தால் மேலே வெள்ளைப் பொடி பூக்கும். அதுவும் ஈயம்தான், காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து உருமாறிய ஈயம். வலையைத் தோளில் போடும்போது அந்தப் பொடி சட்டைக்கு வரும், கைக்கு வரும், அப்புறம் அதே கையால் சோற்றைப் பிசைவோம். ஈயம் உடம்பில் சேர்ந்தால் எல்லோருக்கும் கேடுதான், சிறுபிள்ளைகளுக்கு மூளையையே பாதிக்கும். எனக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

இன்னொன்று துளை. வார்த்த குண்டின் துளை விளிம்பு கத்தி போல இருந்தால் கயிற்றை மெல்ல மெல்ல அறுக்கும். பிசிறை வெட்டி, உள்ளே மெழுகு ஓட விட்டால் கயிறு வழுக்கிக்கொண்டு போகும், கோர்ப்பதும் சுகம்.

மெழுகு பூசினால் மீன் கூடப் படும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். மணலை மீன் படுவதும் படாததும் வீசுகிற கையிலும் தண்ணீரிலும் இருக்கிறது.

எத்தனை குண்டு, எவ்வளவு மெழுகு?

என் வலை நடுவிலிருந்து விளிம்பு வரை ஆறு முழம். விரித்தால் சுற்றளவு ஏறக்குறைய 17 மீற்றர். ஏழு சென்ரிமீற்றருக்கு ஒரு குண்டு என்று வைத்தால் 240 குண்டு வரும். ஒவ்வொன்றும் 25 மில்லிமீற்றர் நீளம், 9 மில்லிமீற்றர் தடிப்பு, 3 மில்லிமீற்றர் துளை. அப்படியானால் ஒரு குண்டு 16 கிராம் அளவில் நிற்கும், மொத்தம் நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே.

இதற்கு 200 கிராம் தேன்மெழுகும் 40 கிராம் தேங்காய் எண்ணெயும் தாராளம். பாதி மிஞ்சும். மிஞ்சியதை அந்தப் பேணியிலேயே உறைய விட்டு அடுத்த முறைக்கு வைக்கலாம். எண்ணெய் எதற்கு என்றால், வெறும் மெழுகு காய்ந்ததும் வெடித்து உதிரும், கொஞ்சம் எண்ணெய் சேர்ந்தால் வளைந்து கொடுக்கும். ஆனால் அளவு முக்கியம். குளிர் நாட்டுக்காரர்கள் சொல்லும் கலவைகளில் பாதிக்குப் பாதி எண்ணெய் இருக்கும். அவர்களுக்குச் சரி. தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியசுக்குக் கீழேதான் உறையும், நம் வீட்டுப் போத்தலில் அது உறைந்ததை நான் பார்த்ததில்லை. ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது அவர்களுடைய கலவையைப் பூசிப் பாருங்கள், குண்டு வியர்க்கும். அதனால் ஐந்துக்கு ஒன்று. அதற்கு மேல் எண்ணெய் போடாதீர்கள், எலிக்கதையை முன்பே சொல்லிவிட்டேன்.

தேன்மெழுகு கடையில் தேடி அலைய வேண்டாம். வாகரைப் பக்கம் காட்டுத்தேன் எடுக்கிறவர்கள், அம்பாறையில் மகாஓயாப் பக்கமிருந்து தேன் கொண்டு வருகிறவர்கள் யாரையாவது பிடித்து, பிழிந்த அடையைக் கேளுங்கள். அதைப் பழைய சட்டியில் தண்ணீரோடு கொதிக்க வைத்துத் துணியில் வடித்து, அப்படியே ஆற விடுங்கள். மெழுகு தண்ணீரைவிட இலேசு, மேலே தட்டு மாதிரி மிதந்து உறையும். அடியில் ஒட்டியிருக்கும் அழுக்கைச் சுரண்டிவிட்டால் முடிந்தது. அவசரத்துக்கு மெழுகுவர்த்தி உருக்கலாமா என்று கேட்பார்கள். உருக்கலாம், ஆனால் சீக்கிரம் உதிரும்.

வார்க்கும்போதே ஒரு கவனம்

வார்ப்பை விளக்கமாக எழுத இன்னொரு பதிவு வேண்டும். இங்கே மூன்று விஷயம் மட்டும்.

ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் போய் அடியில் மாட்டினாலும் அது நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்துக்கு வாரி அடிக்கும். ஈரமான துண்டு, ஈரக் கரண்டி, மழைத்தூறல், எதுவும் கூடாது. அடுப்பு வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும், பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. கண்ணாடி, சப்பாத்து, நீளக் காற்சட்டை கட்டாயம். சாரத்தோடு உருக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது துணிச்சல் இல்லை.

பழைய வாகன பற்றரியை உடைத்து ஈயம் எடுக்காதீர்கள். அதன் தட்டுகளில் அமிலமும், ஈயமல்லாத வேறு நஞ்சுகளும் இருக்கும்.

துளைக்காக வைக்கும் ஆணியைக் குப்பி விளக்கின் புகையில் காட்டிக் கருக்க வையுங்கள். கரி படிந்த ஆணி ஈயத்தில் ஒட்டாமல் கழன்று வரும், துளையும் வழுவழுப்பாக இருக்கும். எண்ணெய் தடவினால் கழன்றுதான் வரும், ஆனால் எண்ணெய் எரிந்து குண்டில் குழி விழும்.

இனி பூசலாம்

முதலில் பிசிறு. குண்டைத் தண்ணீர்ச் சட்டிக்குள் பிடித்துக்கொண்டு சிறிய கத்தியால் துளை விளிம்பைச் சீவுங்கள். ஈயம் மெது, சீவ வரும். காய்ந்தபடி அரத்தாலோ மண்தாளாலோ தேய்க்காதீர்கள், தூசு பறந்து மூச்சோடு போகும். அந்தச் சட்டித் தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். துண்டுகளை வடித்து எடுத்து, நன்றாகக் காயவிட்டு அடுத்த வார்ப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிறகு சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கை எண்ணெய் இருந்தால் மெழுகு பிடிக்காது. கழுவியதை ஒரு தகரத்தில் பரப்பி உச்சி வெயிலில் வையுங்கள். இதுதான் முழு வேலையின் இரகசியம் என்று சொல்வேன். குளிர்ந்த குண்டை மெழுகில் போட்டால் மெழுகு அதன்மேல் உடனே உறைந்து தடித்த தோல் மாதிரி நிற்கும், இரண்டு வீச்சில் கழன்று போகும். சூடான குண்டில் மெழுகு மெல்லிசாகப் படிந்து இறுக்கிப் பிடிக்கும். காலை பத்து மணிக்கு வைத்தால் பன்னிரண்டுக்குக் கை பொறுக்காத சூடு வந்துவிடும். மாரியில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

வெயிலில் குண்டு கிடக்கும்போதே மெழுகை உருக்குங்கள். ரின்பால் பேணி ஒன்றில் மெழுகையும் எண்ணெயையும் போட்டு, அந்தப் பேணியைத் தண்ணீர் உள்ள சட்டிக்குள் நிறுத்தி, சட்டியை அடுப்பில் வையுங்கள். பேணியை நேரே நெருப்பில் வைக்கக் கூடாது, மெழுகு தீப்பிடிக்கும். தேன்மெழுகு 62 முதல் 64 பாகைக்குள் உருகிவிடும், கொதிக்கிற தண்ணீரே அதிகம். உருகியதும் நெருப்பைக் குறைத்து, ஒரு குச்சியால் கிண்டி, தண்ணீர்ச் சூட்டிலேயே வைத்திருங்கள். இந்தச் சட்டி, பேணி, வடி எதுவும் இனிச் சமையலறைக்குத் திரும்பாது என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லவில்லை.

பழைய தேத்தண்ணி வடி ஒன்றை எடுங்கள், கம்பியில் செய்தது. பிளாஸ்ரிக் வடி இளகிப் போகும். அதில் பத்துப் பன்னிரண்டு குண்டைப் போட்டு மெழுகுக்குள் இறக்குங்கள். இறக்கியதும் குண்டைச் சுற்றி மெழுகு மங்கலாகும், உறைகிறது என்று அர்த்தம். பொறுங்கள். கொஞ்ச நேரத்தில் அந்த மங்கல் மறைந்து மெழுகு மறுபடி தெளியும். அப்போதுதான் எடுக்க வேண்டும். நான் முதலில் அவசரப்பட்டு உடனே தூக்கினேன். பெரியப்பா வடியைப் பிடித்து மறுபடி அமுக்கினார்: “ஒள்ளுப்பம் பொறு மனே, அது தெளியட்டும். மறுகா எடு.” அதற்குப் பிறகு நான் நேரம் எண்ணுவதில்லை, தெளிவதைப் பார்த்து எடுப்பதோடு சரி.

எடுத்ததும் பேணிக்கு மேலேயே நாலு உதறு உதறி, குண்டுகளை ஈர வாழையிலையில் கொட்டுங்கள். இலை நிழலில் இருக்கட்டும். வாழையிலையில் மெழுகு ஒட்டாது, சாக்கில் போட்டால் தும்பெல்லாம் சேர்ந்து வரும். ஒன்றோடொன்று முட்டாமல் விரலால் பரப்பிவிட்டு, மெழுகு முழுதாக இறுகும் முன் ஒவ்வொரு துளைக்குள்ளும் ஓர் ஈர்க்கிலை விட்டு எடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் பிறகு 240 துளையையும் ஆணியால் குடைய வேண்டி வரும். எனக்கு ஒரு தடவை வந்தது.

ஆறிய குண்டைப் பழைய துணிக்குள் போட்டு உருட்டினால் மேலதிக மெழுகு துணிக்குப் போய்விடும். மிஞ்சி நிற்பது கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாக இருக்க வேண்டும். ஈயத்தின் நிறம் அப்படியே தெரிய வேண்டும், கொஞ்சம் மினுக்கம் மட்டும். நகத்தால் கீறிப் பாருங்கள்: சுருளாக வந்தால் கலவை சரி, தூளாக உதிர்ந்தால் அடுத்த பேணிக்குச் சில சொட்டு எண்ணெய் சேருங்கள், விரலில் பிசுபிசுத்தால் மெழுகு சேருங்கள். மஞ்சளாகத் தோல் தெரிந்தால் கூடிப்போயிற்று, வெயில் தகரத்தில் திரும்ப வைத்துத் துடைத்துவிடலாம்.

இப்படி இருபது தடவை. சலிப்பான வேலைதான். யாராவது கூட இருந்தால் ஒருவர் முக்க, மற்றவர் ஈர்க்கில் விட, ஒரு மணித்தியாலத்தில் முடியும்.

கயிற்றையும் மறக்க வேண்டாம். கோர்க்கும் முன் அடிக்கயிற்றை உறைந்த மெழுகுக் கட்டியின் மேல் ஒரு தடவை இழுத்துவிடுங்கள். நுனி பிரியாது, துளைக்குள் ஊசி மாதிரிப் போகும்.

பிறகு

கை கழுவுவது சவர்க்காரத்தோடு, நகத்துக்குள்ளும். அன்று போட்ட சட்டையைத் தனியாகத் தோயுங்கள். மெழுகு பூசியாயிற்று, இனி பயமில்லை என்று குண்டைப் பல்லால் கடித்து இறுக்குகிற பழக்கம் நம் ஊரில் சிலருக்கு உண்டு, அதை விடுங்கள். மெழுகு பொடியைக் குறைக்கும், ஈயத்தை வேறொன்றாக மாற்றாது.

மணல் அடியில் இழுபடுகிற வலையில் இந்தப் பூச்சு ஒரு பருவத்துக்கு மேல் நிற்காது. சேற்றடியில் கொஞ்சம் கூட நிற்கும். வலை கழுவிக் காயப்போடும் நாளில் வெள்ளை தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் அந்தக் குண்டுகளை மட்டும் வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்டு, வெயிலில் சூடாக்கி மெழுகுக் கட்டியால் தேய்த்தால் போதும். கழற்றத் தேவையில்லை.

மிஞ்சிய குண்டை எதில் வைப்பது? மூடியுள்ள பிளாஸ்ரிக் பேணியில். புது மரப்பெட்டி வேண்டாம், வினாகிரிப் போத்தல் இருக்கிற இராக்கையும் வேண்டாம். மரத்திலிருந்தும் வினாகிரியிலிருந்தும் வருகிற புளிப்பு ஆவி ஈயத்தை வேகமாக வெளுக்க வைக்கும். அந்தக் காலத்தில் வெள்ளை வர்ணப்பொடி செய்யவே ஈயத்தை வினாகிரி ஆவியில் வைத்தார்கள்.

உடைந்த குண்டை ஆற்றில் எறியாதீர்கள். கல் என்று நினைத்துப் பறவைகள் விழுங்கும். இங்கிலாந்தில் அன்னங்கள் அப்படிச் செத்ததால்தான் 1987இல் சிறிய தூண்டில் ஈயங்களை விற்கத் தடை போட்டார்கள். ஒரு பழைய பேணியில் சேர்த்து வைத்தால் இருபது உடைசலில் பதினைந்து புதுக்குண்டாவது வார்க்கலாம். என் பேணி இப்போது பாதி நிறைந்திருக்கிறது, தை பிறந்து வெயில் ஏறட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.