அடங்காமல் இருப்பவருக்கு ஹாலோபெரிடால் ஊசி போடுவதற்கு முன்னும் பின்னும்

ராத்திரி ஒரு மணிக்கு நாலு பேர் சேர்ந்து ஒருவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேஷுவால்டிக்குள் வந்தால், எல்லோரும் முதலில் சொல்வது "சார், ஒரு ஊசி போட்டுவிடுங்க" என்பதுதான். வெறியை அடக்கும் மனநல மருந்தான ஹாலோபெரிடால்தான் பெரும்பாலும் அந்த ஊசி. அதைப் போடப்போகிற ஹவுஸ் சர்ஜனுக்கும் நர்ஸுக்கும்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் வாங்கி வைத்துப் போடுகிற மருந்து இல்லை இது.

முதலில் விரலில் குத்தி சர்க்கரை பாருங்கள். சர்க்கரை 40-க்கு இறங்கியவரும் கத்துவார், கையை ஓங்குவார், அவருக்குத் தேவை குளுக்கோஸ். தலையில் அடிபட்டதா, காய்ச்சலில் பிதற்றுகிறாரா, ஆக்சிஜன் குறைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். தினமும் குடிக்கிறவர் இரண்டு மூன்று நாளாகக் குடியை நிறுத்தி கைநடுக்கத்தோடு வந்திருந்தால் பதற்றத்தையும் வலிப்பையும் தணிக்கும் லோரசெபாம்தான் சரி, ஏனென்றால் ஹாலோபெரிடால் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். பார்கின்சன் நோயோ லூயி பாடி மறதிநோயோ (மூளையில் புரதம் படிந்து வருவது) இருந்தால் ஹாலோபெரிடால் பக்கமே போக வேண்டாம். இசிஜி எடுக்க முடிந்தால் எடுங்கள், அதில் இதயத் துடிப்பின் ஓர் இடைவெளியைக் காட்டும் க்யூடிசி நீண்டிருந்தால் வேறு மருந்தை யோசியுங்கள். இதற்கிடையில் யாராவது ஒருவர் மட்டும் நிதானமாகப் பேசி, மாத்திரையாக விழுங்கச் சம்மதிக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். பத்து பேர் சுற்றி நின்று அதட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஊசிதான் என்று முடிவானால் ஆம்பூலில் எழுதியிருப்பதை வாய்விட்டுப் படியுங்கள். நமக்கு வேண்டியது ஒரு மில்லியில் 5 மில்லிகிராம் உள்ளது. டெக்கனோயேட் என்று இருந்தால் அது வாரக்கணக்கில் மெல்ல வேலை செய்யும் எண்ணெய் ஊசி, இந்த நேரத்துக்கு உதவாது, போட்டபின் திரும்ப எடுக்கவும் முடியாது. இரண்டையும் ஒரே டிராயரில் வைக்காதீர்கள்.

பெரியவர்களுக்குப் பொதுவாக 5 மில்லிகிராம், முதியவர்களுக்கு அரை முதல் ஒரு மில்லிகிராமில் தொடங்க வேண்டும், ஆழமாகத் தசையில். ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டாம், இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்தைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2007-லேயே எச்சரித்துவிட்டது. கூடவே அலர்ஜிக்கும் கொடுக்கும் தூக்க மருந்தான ப்ரோமெத்தசின் 25 முதல் 50 மில்லிகிராம், தனி சிரிஞ்சில். இந்த ஜோடி நம் ஊரிலேயே சோதித்துப் பார்த்தது: வேலூர் சிஎம்சியில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில் லோரசெபாமைவிட இது சீக்கிரம் அமைதிப்படுத்தியது. ப்ரேசிலில் ஹாலோபெரிடாலைத் தனியாகப் போட்டுப் பார்த்த ஆய்வில் சிலருக்குத் தசை இழுத்துக்கொண்டது, ஜோடியாகப் பெற்றவர்களுக்கு அது வரவில்லை.

ஹாலோபெரிடாலுக்குப் பதில் அதே வேலை செய்யும் ஓலான்சபைன் கையில் இருந்தால் 10 மில்லிகிராம் பொடியை 2.1 மில்லி ஊசிநீரில் கரைத்து ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். அதோடு சேர்த்து லோரசெபாம் ஊசி கூடாது, ரத்த அழுத்தமும் மூச்சும் விழுந்துவிடும்.

பிடிக்கிறவர்கள் குப்புறப் போட்டு முதுகில் உட்காரக் கூடாது, மூச்சு நின்றுபோகும்.

அப்புறம் அவர் அடங்கிவிடுவார், நாமும் டீ குடிக்கப் போய்விடுவோம். இங்கேதான் தப்பு நடக்கிறது. முதல் ஒரு மணி நேரம் கால் மணிக்கொரு தடவை மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன், பிறகு அரை மணிக்கொரு தடவை. தூங்கினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அடங்கவில்லையே என்று பத்தாவது நிமிடத்தில் இன்னொரு ஆம்பூலை உடைக்காதீர்கள், வேலை செய்ய அரை மணியாவது கொடுங்கள்.

கழுத்து ஒரு பக்கம் இழுத்து, கண் மேலே செருகி, நாக்கு வெளியே வந்தால் "நடிக்கிறான்" என்று சொல்லிவிட வேண்டாம். ப்ரோமெத்தசின் ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணிக்குள் சரியாகும். ஆனால் தொண்டை இறுகினால் அது உயிர் போகும் விஷயம். இன்னொரு குழப்பம், உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவிப்பது. அது மருந்தாலேயே வந்த தவிப்பாக இருக்கலாம், வெறி திரும்பிவிட்டது என்று நினைத்து மேலும் ஹாலோபெரிடால் போட்டால் தவிப்பு கூடும். உடம்பு கட்டைபோல விறைத்துக் காய்ச்சலும் ஏறினால் மருந்தை நிறுத்தி உடனே மூத்த டாக்டர்களைக் கூப்பிடுங்கள்.

நேரம், அளவு, போட்ட இடம், ஏன் போட்டோம் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். 2017 மனநலச் சட்டப்படி இது அவசர சிகிச்சை, 72 மணி நேரம் வரைதான். அவர் விழித்ததும் என்ன ஊசி போட்டோம், ஏன் போட்டோம் என்று அவரிடமே சொல்லுங்கள், கூட வந்தவரிடம் சொன்னால் போதாது.